அப்பா தாமதமாக வரவில்லை: சிறு ஊர் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேயம், வெள்ளகோவில், முத்தூர், மூலனூர், தாராபுரம், கொடுமுடி சுற்றுவட்டாரத்தில் கிளினிக்கும் பத்து இருபது படுக்கை ஆஸ்பத்திரியும் நடத்திவரும் டாக்டர்களுக்கு,

வணக்கமுங்க.

நான் கொப்பரைக் களம் வைத்திருப்பவன். காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே எங்கள் ஊர். மருத்துவம் படித்தவன் இல்லை. மூட்டை, எடை, ஈரம், கழிவு என்று நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவன். இந்த மடலும் ஒரு கணக்குதான். கையில் இருப்பவை ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரு ஈசிஜி தாளின் நகல், அப்பாவின் ஒரு பகல்.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் நான்காவது வரியில் ‘லேட் பிரசன்டேஷன்’ என்று அச்சடித்திருந்தது. கோயமுத்தூரில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமே அதற்கு அர்த்தம் கேட்டேன். “அட்டாக் வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்காருன்னு அர்த்தமுங்க” என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது மாலை 3.55க்கு. ஆனால் அதே அப்பா அன்றைக்குக் காலை 8.45க்கே ஒரு டாக்டரின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உங்களில் ஒருவருடைய பெஞ்சில். யார், எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஒருவரைத் திட்டிவிட்டு மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

2021 டிசம்பர். மார்கழி பிறந்திருந்தது. மூணு பேஸ் கரண்ட் அந்த வாரம் விடிகாலையில்தான் வந்தது. அப்பாவுக்கு அப்போது 64 வயது, எட்டு வருசமாகச் சர்க்கரை. ஐந்தேகால் மணிக்கு மடை மாற்றிவிட்டு நிமிர்ந்தவர் மம்முட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கல்லை வைத்தாற்போல இருந்ததாம். இடது தோளும் தாடையும் கடுத்திருக்கின்றன. பனி கொட்டுகிற நேரத்தில் சட்டை நனைய வேர்த்திருக்கிறது. ஆறு மணிக்கு மெள்ள நடந்து வீட்டுக்கு வந்தார். முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் தட்டைப்பயிற்றுக் குழம்பு. பழி அதன் தலையில் விழுந்தது. அம்மா சீரகத் தண்ணி வைத்துக் கொடுத்தார். “சித்த நேரம் படுத்தாச் செரியாப் போயிரும்” என்று அப்பாவும் படுத்துக்கொண்டார்.

ஏழரைக்கு நான் மெடிக்கலுக்குப் போனேன். கடைத் தம்பி கேஸ் மாத்திரை ஒன்றும் ரோஸ் கலர் சிரப் ஒன்றும் கொடுத்தான். யாருக்கு, என்ன வயது, வேர்க்கிறதா என்று அவன் கேட்கவில்லை. கேட்கும்படி நானும் எதுவும் சொல்லவில்லை. “அப்பாவுக்கு வாயுடா” என்றேன். நோய்க்குப் பெயர் வைத்தவன் நானே.

8.45க்கு கிளினிக். டோக்கன் 17. எங்களுக்கு முன்னால் சளிக் குழந்தைகள், காலில் ஆணி குத்திய ஒரு தறிக்காரர், பிரஷர் மாத்திரை எழுதிவாங்க வந்த இரண்டு ஆத்தாமார். அப்பா பெஞ்சில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சிஸ்டர் சீட்டில் ‘கேஸ்’, அதாவது வாயு, என்று எழுதிக்கொண்டார். ஈசிஜி மெஷின் அங்கே இருந்தது. இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஊசி போடும் அறையின் மூலையில், பூப்போட்ட துணி போர்த்தி, துணிமேல் நாலைந்து நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எட்டடி இருக்கும்.

டாக்டர் 9.20க்கு வந்தார், 9.50க்குப் பார்த்தார். நல்ல மனிதர், இருபது வருசமாக எங்கள் குடும்பத்துக்கே அவர்தான் டாக்டர். பிரஷர் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒரு ஊசி போட்டு, “வாயுப் பிடிப்புத்தாங்க, மத்தியானம் ரசஞ்சோறு மட்டும் சாப்பிடுங்க” என்று முதுகில் தட்டி அனுப்பினார். முதுகில் தட்டியதும் எங்களுக்குப் பாதி பயம் போய்விட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பதினொன்றரைக்கு வாந்தி. உடம்பு சில்லிட்டுப்போனது. இரண்டாவது ஆஸ்பத்திரி, பக்கத்து ஊரில். 12.10க்கு உள்ளே போனோம், 12.14க்கு ஈசிஜி எடுத்துவிட்டார்கள். நேரம் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. சூட்டில் அச்சாகும் தாள் அது. கடை பில் மாதிரி நாள்பட மங்கிவிடுமாம். அதனால் நகல் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். கோடு மேலே ஏறி, கல்லறை மேடு மாதிரி வளைந்து இறங்குகிறது. படிக்காதவன்கூட ஒரு நல்ல ஈசிஜியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

“பெரிய அட்டாக்குங்க, கோயமுத்தூர் கொண்டு போயிருங்க” என்றார் அங்கிருந்த டாக்டர். மாத்திரைகளைக் கொடுத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. அவர் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை. அங்கிருந்து வண்டி கிளம்பியது 1.50க்கு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்றால், எல்லாம் நடந்தது. ஈரோடா, கரூரா, கோயமுத்தூரா என்று மச்சானும் சித்தப்பாவும் பேசினார்கள். காப்பீட்டு அட்டையை எடுத்துவர தங்கச்சி வீட்டுக்கு ஓடினாள். எவ்வளவு அட்வான்ஸ் கட்டவேண்டியிருக்கும் என்று நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். தனியார் ஆம்புலன்ஸ் டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். ஈரோடு பாதித் தூரம்தான். ஆனாலும் பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி என்று கோயமுத்தூரையே முடிவு செய்தோம். சுமார் 90 கிலோமீட்டர். பல்லடத்தில் சைரன் போட்டும் வண்டி நகரவில்லை. 4.40க்கு பலூன் போட்டு அடைப்பைத் திறந்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். காலை 5.15 முதல் மாலை 4.40 வரை 11 மணி 25 நிமிடம். இதில் வரப்பும் வீடும் மெடிக்கலும் சேர்ந்து மூன்றரை மணி நேரம். அது எங்கள் பற்று, மறுக்கவில்லை. இரண்டாவது ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் பேசிய நேரத்தில் பாதியையும் எங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். மீதியை யார் பேரில் எழுதுவது? பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை அப்பா வீட்டில் படுத்திருந்தது ‘வாயு’ என்று ஒரு டாக்டர் சொன்னதால். அந்த நேரமும் சேர்ந்துதான் ‘தாமதமாக வந்தவர்’ ஆகிறார்.

இந்த மூன்று வருசத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், தெரிந்த டாக்டர்களைக் கேட்டேன். உங்களுக்குத் தெரியாத எதையும் சொல்லப்போவதில்லை. எனக்கு எப்படிப் புரிந்தது என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக்குப் பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் தண்ணீர் வரும். மேலே எங்காவது ஷட்டரை அடைத்தால் முதலில் காய்வது கடைமடை. அதற்காகத்தானே வெள்ளகோவில் கிளை வாய்க்கால்காரர்கள் வருசா வருசம் ரோட்டில் உட்காருகிறார்கள்? இதயத்திலும் அப்படித்தானாம். ரத்தக்குழாய்கள் இதயத்தின் வெளிப்பக்கமாக ஓடுகின்றன, உள்சுவர்தான் கடைமடை. குழாயின் உள்ளே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து அடைத்ததும் சாவு உள்சுவரில் தொடங்கி அலைபோல வெளிப்பக்கம் நகருகிறது. 1977இல் ரீமர், ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளர்கள் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி, வெவ்வேறு நேரத்தில் அவிழ்த்துப் பார்த்தார்கள். 40 நிமிடத்தில் அவிழ்த்தால், காயக்கூடிய பாகத்தில் சுமார் 38 சதவீதம் செத்திருந்தது. 3 மணி நேரத்தில் 57, 6 மணி நேரத்தில் 71. பயிராவது தண்ணீர் பாய்ந்தால் சிலது துளிர்க்கும். செத்த இதயத் தசை துளிர்க்காது, தழும்பாகிவிடும்.

மனிதர்களில் பார்த்த கணக்கும் உண்டு. 1986இல் இத்தாலியில் சுமார் 11,800 நோயாளிகளை வைத்து, ரத்தக்கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியைச் சோதித்தார்கள். வலி வந்த முதல் மணி நேரத்துக்குள் ஊசி போனவர்களிடம் சாவு கிட்டத்தட்டப் பாதியானது. பத்து வருசம் கழித்து, பல ஆய்வுகளைச் சேர்த்து வேறொரு கணக்குப் போட்டார்கள். 1,000 பேருக்கு முதல் மணி நேரத்துக்குள் இந்த ஊசி வகை போனால் கூடுதலாக 65 பேர் பிழைக்கிறார்கள், இரண்டாவது மணி நேரத்தில் போனால் 37 பேர், மூன்றாவதில் 26 பேர். கொப்பரை விலைகூட ஒரே நாளில் இப்படிச் சரிந்து நான் பார்த்ததில்லை.

இதை ஏதோ வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2008இல் வெளிவந்த, இந்தியாவின் 50 ஊர்களில் 20,000க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்த கிரியேட் ஆய்வில், பெரிய அடைப்பு வந்தவர்கள் வலி தொடங்கி ஆஸ்பத்திரி சேர எடுத்துக்கொண்ட நடுமதிப்பு நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! நடுமதிப்பு என்றால், பாதிப் பேர் அதற்குள் வந்தார்கள், மீதிப் பாதிப் பேர் அதற்கும் பிறகு. ஆஸ்பத்திரிக்குள் போனபின் ஊசி விழ ஆனது 50 நிமிடம். ஆக, பெரும்பாலான நேரம் போனது வாசலுக்கு வெளியே. வெளியே என்றால் எங்கே என்பதுதான் என் கேள்வி. வரப்பிலா, மெடிக்கலிலா, டோக்கன் 17இலா?

அப்பா பிழைத்துக்கொண்டார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்: “பொழச்சுட்டாருல்ல, அது போதும்.” செத்தவர், பிழைத்தவர் என்று இரண்டே கட்டம் போட்டு எழுதினால் அப்பா நல்ல கட்டத்தில்தான் இருக்கிறார். ஆனால் எக்கோ என்கிற இதய ஸ்கேனில், இதயம் பம்ப் செய்யும் அளவு 30 சதவீதம் என்று வந்தது. நல்ல இதயத்தில் 55க்கு மேல் இருக்குமாம். ஆறு ஏக்கருக்குத் தண்ணி கட்டியவர் இப்போது திண்ணையிலிருந்து கட்டுத்தரைக்குப் போய், மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும் வழியில் ஒருதரம் கல்லின்மேல் உட்காருகிறார். ராத்திரி மூன்று தலையணை. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணிதான் குடிக்கலாம். சித்திரை மாசத்தில் சொம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

தினமும் காலையில் களத்துக்கு வந்து, மூட்டை போடும் எலக்ட்ரானிக் தராசில் ஏறி நிற்பார். உடம்பில் நீர் கோத்தால் எடை ஏறும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே வரச்சொல்லியிருக்கிறார்கள். நான் எண்ணைப் படிப்பேன், 61.4, 61.8. மூட்டைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து அப்பாவின் எடையை எழுதிக்கொண்டு வருகிறேன். முன்பக்கத்திலிருந்து கொப்பரை வருகிறது, பின்பக்கத்திலிருந்து அப்பா வருகிறார். இரண்டும் நடுவில் சந்திக்கும் நாளை நினைக்காமல் இருக்க இப்போது தடிமனான நோட்டாக வாங்கிவிட்டேன்.

அப்புறம், சுந்தரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் அதுவல்ல. எங்கள் களத்தில் மூட்டை ஏற்றுபவன், வயது 46, பீடிக்காரன். 2024 மாசியில் ஒருநாள் மத்தியானம் சோற்றுப் போசியை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினான். “வாயுவாட்ட இருக்குதுங்ணா” என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லிட்டது. சோடா கொண்டுவரப் போன பொம்பளையை நிறுத்திவிட்டு அவனை வண்டியில் தூக்கிப்போட்டேன். 20 நிமிடத்தில் அரசு ஆஸ்பத்திரி. “நெஞ்சு வலி” என்றேன். இந்தத் தடவை நோய்க்கு வேறு பெயர் வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். சீட்டு போடுவதற்கு முன்பே ஈசிஜி எடுத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டரம்மா அதை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பினார். ரத்தக் கசிவு, பக்கவாதம், சமீபத்தில் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்று கடகடவென்று கேட்டு, கையெழுத்து வாங்கி, ஊசியைப் போட்டுவிட்டார். பிறகு 108 வண்டியில் மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட், முதலமைச்சர் காப்பீட்டில். எக்கோவில் 52.

அவன் நாலு மாசம் கழித்து வேலைக்கு வந்தான். மூட்டை தூக்கவிடவில்லை, தேங்காய்த் தொட்டி உடைக்கும் பக்கம் உட்காரவைத்தேன். அப்பா தராசில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தார். “அவனுக்கு எத்தனை?” என்று கேட்டார். எடையைக் கேட்கவில்லை என்று புரிந்தது. “அம்பத்திரெண்டுங்கப்பா” என்றேன். “பரவால்ல” என்று இறங்கிப் போனார்.

உங்கள் சங்கடங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நிஜமாகவே வாயுதான் இருக்கும். எல்லோருக்கும் ஈசிஜி எடுத்தால் ‘காசு பறிக்கிறார்’ என்று டீக்கடையில் பேசுவார்கள். பேசட்டும். எங்கள் ஊரில் ஒரு கல்யாணச் சாப்பாட்டு இலைக்கு ஆகும் காசுதான் ஒரு ஈசிஜிக்கு. முதல் ஈசிஜி சரியாக இருந்து, அரைமணி கழித்து எடுக்கும் இரண்டாவதில் மாறுவதும் உண்டு என்று சொன்னார்கள். இதயத்தின் அடிப்பாகத்தில் அடைத்தால் மேல்வயிறு வலிக்கும், வாந்தி வரும், அச்சு அசலாக வாயு மாதிரியே. சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே சரியாகத் தெரியாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாக வரும். ஆக, வயிற்றை அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்று நீங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. நெஞ்சு வலி என்று வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி என்ற விதியும் அதற்காகத்தான் இருக்கிறது. பத்து நிமிடம் என்பது டாக்டர் வந்த நேரத்திலிருந்து இல்லை, நோயாளி வந்த நேரத்திலிருந்து. 8.45க்கு சிஸ்டர் அந்த நோட்டுகளை எடுத்து வைத்துவிட்டு மெஷினை இழுத்திருந்தால், நீங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனில் அந்த மேடு வந்து விழுந்திருக்கும்.

ஊசி விசயத்தில் உங்களுக்கு இருக்கும் பயமும் நியாயமானது. கட்டி கரைக்கும் ஊசியில் நூற்றில் ஒருவருக்கு நெருக்கமாக மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. ஊசி போட்டபின் நோயாளி செத்தால், ஊசியால்தான் செத்தார் என்று சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்கள். ஆஸ்பத்திரியைத் தாக்கினால் சிறை என்று 2008இல் போட்ட சட்டம் இருக்கிறது. ஆனால் கண்ணாடி உடையும் நேரத்தில் சட்டம் வாசலில் வந்து நிற்காது. ஆகவே ‘அனுப்பிவிடுவோம்’ என்பது உங்களுக்குப் பாதுகாப்பான முடிவாகத் தெரிகிறது. இதில் எங்கள் சனத்தின் தப்புதான் பெரிசு, ஒத்துக்கொள்கிறேன். அனுப்புவதில் கமிஷன் இருக்கிறது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு, அதற்குள் நான் போகவில்லை.

ஆனால் கணக்கு என்னவென்றால், 120 நிமிடத்துக்குள் பலூன் போட முடியும் என்றால்தான் ஊசி போடாமல் நேரே அனுப்பலாம். முடியாது என்றால், தடை ஏதும் இல்லாதவருக்கு இருக்கிற இடத்திலேயே ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பவேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழிமுறை. அப்பாவுக்கு ஈசிஜி 12.14க்கு, பலூன் 4.40க்கு. 266 நிமிடம். நம் பக்கத்திலிருந்து கோயமுத்தூர், பல்லடத்தையும் சூலூரையும் தாண்டி, கேத் லேப் என்கிற பலூன் போடும் அறை தயாராகி 120 நிமிடத்துக்குள் முடியுமா என்று ஒருநாள் மத்தியானம் நீங்களே காரில் போய்ப் பாருங்கள். தாளவாடி, பர்கூர், வால்பாறை மலைகளில் இருப்பவர்களைப் பற்றி நான் பேசவே இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். இந்த மாநிலத்திலேயே, நம் கோயமுத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லாசாரியும் மற்றவர்களும் சேர்ந்து 2012க்கும் 2014க்கும் நடுவே செய்துகாட்டியிருக்கிறார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு கோத்து, ஈசிஜியை அனுப்பவும் ஊசியை அங்கேயே போடவும் பிறகு ஆஞ்சியோவுக்கு மாற்றவும் ஓர் ஒழுங்கு செய்தார்கள். 2,420 நோயாளிகள். ஒரு வருசத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். அந்த வித்தியாசத்துக்குப் புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. போன் செய்தார்கள், நேரம் பார்த்தார்கள், வண்டி ஏற்பாடு செய்தார்கள்.

அரசும் சும்மா இல்லை. அப்பாவுக்கு அட்டாக் வந்த அதே மாதம் 18ஆம் தேதிதான் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைத் தொடங்கினார்கள். ரோட்டில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அட்வான்ஸ் பேச்சே கிடையாது. வரப்பில் விழுந்தவருக்கும் அதேபோல ஒன்று இருந்திருந்தால் நான் அந்த ஒன்றரை மணி நேரம் போனில் பணம் பேசியிருக்கமாட்டேன். 2023இல் ‘இதயம் காப்போம்’ என்று ஒன்று வந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் டோசாகக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். எங்கள் துணை நிலையம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். அங்கே இது கிடைக்கும் என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

மெடிக்கல் கடைக்காரர்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. வாயு என்று கேட்டு வருகிறவரிடம் யாருக்கு, என்ன வயசு, வேர்க்குதா, தோளுக்கோ தாடைக்கோ வலி போகுதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் சிரப் விற்கவேண்டாம், ஈசிஜிக்கு விரட்டுங்கள். பத்து ரூபாய் வியாபாரம் போகும், அவ்வளவுதான்.

டாக்டர்களிடம் கேட்பது இவ்வளவுதான். மெஷின்மேல் இருக்கும் நோட்டுகளை எடுத்துவிடுங்கள். நெஞ்சு, தாடை, தோள், மேல்வயிறு என்று கைவைத்துச் சொல்லும் பெரியவர்களுக்கு டோக்கன் கொடுக்காமல் நேரே மெஷினுக்கு அனுப்பச் சொல்லி சிஸ்டருக்கு உத்தரவு கொடுங்கள். எந்தக் கேத் லேப், ராத்திரி யார் போன் எடுப்பார்கள் என்பதைச் சும்மா இருக்கும் நாளில் பேசிவைத்து, நம்பரைச் சுவரில் ஒட்டுங்கள். ஊசி உங்களிடம் இல்லை என்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருங்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் விலை குறைவு, டெனெக்டெப்ளேஸ் விலை கூட, எது என்பது உங்கள் பாடு. அனுப்பும் சீட்டில் மூன்று நேரத்தை எழுதுங்கள்: வலி எப்போது தொடங்கியது, உங்களிடம் எப்போது வந்தார், உங்களிடமிருந்து எப்போது கிளம்பினார். மூன்றாவதை எழுதக் கை கூசினால் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். நம் பகுதிக் கொப்பரைக் களத்துக்காரர்களில் ஏழு பேரிடம் பேசிவிட்டேன். ஈசிஜி மெஷின் இல்லாத கிளினிக் ஏதாவது இருந்தால் சொல்லியனுப்புங்கள், ஒரு கறவை மாட்டு விலைக்குள் அடங்கிவிடும், வாங்கித் தருகிறோம். கல்வெட்டு எதுவும் வேண்டாம். ஊசி போடுவதற்கு முன் கையெழுத்துப் போடத் தயங்கும் குடும்பம் இருந்தால் கூப்பிடுங்கள், நடுராத்திரியானாலும் வந்து நான் பேசுகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். கார் வாசல் வரைக்கும் வந்தால் போதும், படி ஏறமாட்டார்.

வருகிற திங்கட்கிழமை அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பழைய கிளினிக்குக்குத்தான் போகிறோம். ஆமாம், இன்னமும் அவரிடம்தான் காட்டுகிறோம், அப்பா வேறு டாக்டரிடம் வரமாட்டார். இந்த மடலின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொப்பரைக் களத்துக்காரன்